எழுத்துப்பிழையும் கருத்தின் நம்பகத்தன்மையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் நிகழும் அறிவுசார் விவாதங்களில், குறிப்பாக இணையவழி விவாதங்களில், எழுத்துப்பிழை ஒருவரின் கருத்தைப் புறந்தள்ளுவதற்குப் போதிய காரணமாகக் கொள்ளப்படுகின்றது. அப்பழக்கம் முறையானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. எழுத்துப்பிழைகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. பிழைக்கான வரம்பும் காலத்தாலும் இடத்தாலும் மாறி வந்துள்ளது. தமிழ் இலக்கண மரபும் பதிப்பு மரபும் பிழையை எதிர்கொண்ட முறை, இன்றைய பழக்கத்தினும் நுட்பமானது. மொழியே சான்றாக நிற்கும் இடங்களில் எழுத்துப்பிழை கருத்தைப் பாதிக்கும். பிற இடங்களில் அது திருத்தத்திற்கு உரியதேயன்றித் தீர்ப்புக்கு உரியதன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: எழுத்துப்பிழை, சந்திப்பிழை, மிகைத்திருத்தம், வழுவமைதி, பாடவேறுபாடு, மதிப்பீடு

முன்னுரை

ஒரு சொல்லின் வேர் குறித்தோ, ஒரு கல்வெட்டின் காலம் குறித்தோ, பாடத்திட்டம் குறித்தோ இணையவெளியில் விவாதம் எழுகின்றது. ஒருவர் நான்கு சான்றுகளுடன் தம் கருத்தை முன்வைக்கின்றார். அவரது எழுத்தில் ‘முயற்ச்சி’ என்றொரு சொல் இடம்பெற்றுவிடுகின்றது. அடுத்து வரும் மறுமொழி அந்நான்கு சான்றுகளுள் ஒன்றையும் தொடுவதில்லை. முதலில் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்ளட்டும் என்ற அளவில் அது முடிந்துவிடுகின்றது. அதன்பின் விவாதம் கல்வெட்டைப் பற்றியதாக இருப்பதில்லை. எழுதியவரின் தகுதியைப் பற்றியதாக மாறிவிடுகின்றது. தமிழில் எழுதுவோர் பலரும் அறிந்த காட்சி இது.

இக்காட்சியில் பிழையைச் சுட்டியவர் பொய் எதுவும் கூறவில்லை. ‘முயற்சி’ என்பதே சரியான வடிவம். தமிழில் மெய்யெழுத்து இரண்டு தொடர்ந்து நிற்பதற்கு ய், ர், ழ் ஆகிய மூன்றன் பின்னரே இடமுண்டு. றகர ஒற்றின் பின் மற்றொரு ஒற்று நிற்பதற்கு வழியில்லை. ஆகவே திருத்தம் சரியானது. அத்திருத்தத்திலிருந்து பெறப்பட்ட முடிவு சரியானதா என்பதே வினா. ‘இவர் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினார், எனவே இவர் கூறும் கல்வெட்டுக் காலமும் பிழை’ என்னும் வாதத்தில் ஏதுவுக்கும் முடிவுக்கும் இடையே இருக்கவேண்டிய தொடர்பு யாது? தமிழியல் ஆய்வுலகம் இவ்வினாவைத் தனக்குரியதாகக் கொள்ளவேண்டும். பிழை எது, பிழையன்று எது என்று அறுதியிடும் பொறுப்பைச் சமூகம் தமிழ்த்துறைகளிடமே ஒப்படைத்துள்ளது. அப்பொறுப்பு எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பதற்கும் அத்துறைகளே விடைகூற வேண்டும்.

எதிர்த்தரப்பின் நியாயம்

எழுத்துப்பிழையைக் கொண்டு ஒருவரை எடைபோடுவோரின் தரப்பு வெறும் பிடிவாதம் அன்று. அதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, பிழையற்ற எழுத்து வாசிப்பின் விளைவு. நூல்களை ஊன்றிப் பயின்றவரின் கண்ணும் கையும் சொல்லின் வடிவத்தைத் தாமே பற்றிக்கொள்கின்றன. ஆகவே பிழை மிகுந்த எழுத்து வாசிப்புக் குறைவின் அடையாளமாகலாம். இரண்டாவது, எழுதியதை ஒருமுறை திரும்பப் படிப்பது வாசகருக்குக் காட்டும் மதிப்பு. அம்மதிப்பைக் காட்டாதவர் சான்றுகளைச் சரிபார்ப்பதிலும் அவ்வாறே இருந்திருப்பார் என்று ஐயுறுவது இயல்பு. மூன்றாவது, படிக்க வேண்டியவை பெருகிவிட்டன. எதைப் படிப்பது, எதை விடுப்பது என்று முடிவுசெய்யப் புற அடையாளங்கள் தேவைப்படுகின்றன. அவ்வடையாளங்களுள் எளிதில் கண்ணிற்படுவது எழுத்துப்பிழை.

இம்மூன்றும் ஐயத்திற்கு இடந்தருவன. முடிவுக்குப் போதியன அல்ல. ஐயம் எழுந்தால் செய்யத்தக்கது சான்றைச் சரிபார்த்தல். சரிபார்க்காமலேயே தள்ளிவிடுதல் ஐயத்தை முடிவாக மாற்றிக்கொள்ளுதல் ஆகும். மேலும், பிழை என்னும் அடையாளம் எதைச் சுட்டுகின்றது என்பதும் பிழைக்குப் பிழை வேறுபடுகின்றது.

பிழைகளின் தன்மை வேறுபாடு

தமிழ் எழுத்தில் காணப்படும் பிழைகளை, அவை தோன்றும் காரணம் நோக்கி நான்காகப் பகுக்கலாம்.

ஒன்று, கைப்பிழை. விசைப்பலகையில் விரல் தவறுவதாலும், ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்யும்போது ல, ள, ழ ஆகியவற்றிற்கும் ந, ன, ண ஆகியவற்றிற்கும் உரிய விசைகள் மாறிவிடுவதாலும் இது நேர்கின்றது. எழுதியவர் சரியான வடிவத்தை அறிந்தவரே; எனவே இப்பிழை அவரது அறிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இரண்டு, ஒலிப்பு மயக்கத்தால் வருவது. மனம் - மணம், கரி - கறி, பனி - பணி, ஒலி - ஒளி - ஒழி, வாலை - வாளை - வாழை போன்ற இணைகளில் ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மற்றொன்று நிற்பது இவ்வகை. இது எழுதியவரின் பேச்சு வழக்கைக் காட்டுகின்றது.

மூன்று, வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகாது எழுதுதல். இவ்வகையிலும் பொருளை மாற்றுவன உண்டு. ‘வேலை கொடு’ என்பது பணி தருமாறு கேட்பது. ‘வேலைக் கொடு’ என்பது வேல் என்னும் படைக்கலத்தைக் கேட்பது. ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆகியது. ஆனால் பெரும்பான்மையான இடங்களில் ஒற்று விடுபடுவதால் பொருள் மயங்குவதில்லை. ஓசையும் மரபும் மட்டுமே குன்றுகின்றன.

நான்கு, மிகைத்திருத்தம். ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘ஓடியக் குதிரை’, ‘வந்தப் பையன்’ போன்றவை இவ்வகையின. ஒற்று மிகும் என்னும் விதி ஒன்று உண்டு என அறிந்து, அதன் எல்லையை அறியாது, எங்கும் அதனைச் செலுத்துவதால் இவை தோன்றுகின்றன. விதியைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாத ஒருவர் ‘ஓடியக் குதிரை’ என்று எழுதுவது அரிது. சரியாக எழுதவேண்டும் என்னும் விழைவே இங்குப் பிழைக்குக் காரணமாகின்றது. பொதுவெளியில் மிகுந்த எள்ளலுக்கு உள்ளாவதும் இவ்வகைதான் என்பது கருதத்தக்கது.

எனவே ‘பிழை, கவனமின்மையின் அடையாளம்’ என்னும் பொதுக்கூற்று நான்கனுள் முதல்வகைக்கு மட்டுமே ஓரளவு பொருந்துகின்றது. இரண்டாம் வகை வாழிடத்தையும் மூன்றாம் வகை பயிற்சியையும் நான்காம் வகை கற்கும் நிலையையும் சுட்டுகின்றன. இவற்றுள் எதுவும் ஒருவரின் நேர்மையையோ சான்றின் உண்மையையோ சுட்டுவதில்லை.

வரம்பும் வரலாறும்

பிழை என்பது ஒரு வரம்பிலிருந்து விலகுதல். வரம்பு மாறினால் பிழையும் மாறும். இதற்குத் தமிழ் எழுத்தின் அண்மை வரலாறே தக்க சான்று. 1935இல் ‘குடியரசு’ இதழில் பெரியார் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். ணா, றா, னா போன்ற எழுத்துகளையும் ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் பிற எழுத்துகளின் அமைப்பை ஒட்டி அவர் அச்சிட்டபோது, பள்ளியில் கற்பிக்கப்பட்ட முறைக்கு அவை மாறாக இருந்தன. 1978இல் தமிழ்நாடு அரசு அச்சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்று, 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ஒரு மாணவர் 1970இல் எழுதியிருந்தால் மதிப்பெண்ணை இழக்கச் செய்திருக்கக்கூடிய வடிவமே சில ஆண்டுகளில் பாடநூலின் வடிவமாயிற்று. இடைப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அவ்வெழுத்துமுறையில் வெளிவந்த கருத்துகளை ஏற்றோரும் மறுத்தோரும் இருந்தனர். அக்கருத்துகளின் வலிமையோ வலிமையின்மையோ ‘லை’ எழுதப்பட்ட முறையில் இருந்ததாக இன்று எவரும் கூறார்.

வரம்பு அறுதியாக இல்லாத இடங்களும் உள்ளன. ‘வாழ்த்துகள்’ என்பதா, ‘வாழ்த்துக்கள்’ என்பதா என்னும் வழக்கு ஆண்டுதோறும் பொங்கலன்றும் புத்தாண்டன்றும் புதுப்பிக்கப்படுகின்றது. வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும் என்பது ஒருசாரார் வாதம். ‘கள்’ என்பது தனிச்சொல் அன்று, பன்மை விகுதி. ஆகவே வருமொழி விதி அதற்குப் பொருந்தாது என்பது மறுசாரார் வாதம். தமிழறிஞர்கள் இரு முறையாகவும் எழுதியுள்ளனர். கோயில் - கோவில், பவளம் - பவழம், உளுந்து - உழுந்து, பந்தல் - பந்தர் ஆகியனவும் இரு வடிவிலும் வழங்குவன. போலி என்னும் இலக்கணக் கருத்தே இத்தகைய இணைகளுக்கு இடந்தருவதற்காக அமைந்தது.

இவ்விடங்களில் திருத்துவோரே பிழைபடுவதும் உண்டு. ‘கறுப்பு என்பது சினத்தை மட்டுமே குறிக்கும், நிறத்தைக் குறிக்கக் கருப்பு என்றே எழுதவேண்டும்’ என்பது அடிக்கடி கூறப்படும் திருத்தம். தொல்காப்பிய உரியியலோ, கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருளை உணர்த்தும் என்று கூறியதை அடுத்து, அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என்று தெளிவுபடுத்துகின்றது. நிறத்தைக் குறிக்கக் ‘கறுப்பு’ என எழுதிய ஒருவரைப் பிழைபட்டவர் என்று கூறி அவரது கருத்தைத் தள்ளினால், அங்கே பிழைபட்டவர் தள்ளியவரே ஆவார்.

இடவேறுபாடும் எழுத்தும்

எழுத்துத் தமிழ் காக்கும் சில வேறுபாடுகளைப் பேச்சுத் தமிழ் பல வட்டாரங்களில் இழந்துவிட்டது. ரகர றகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் தமிழகத்தின் பெரும்பகுதியில் காதால் உணரத்தக்கனவாக இல்லை. ழகரம் தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் ளகரமாகவும், சென்னையை ஒட்டிய வடமாவட்டப் பேச்சில் யகரமாகவும் ஒலிக்கின்றது. ஒலியில் இல்லாத வேறுபாட்டை எழுத்தில் காக்கவேண்டுமெனில், ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் கண்டு மனத்திற் பதித்தல் வேண்டும். அதற்கு வேண்டுவன நூல்கள், நேரம், திருத்தித்தரும் ஆசிரியர் ஆகியன. இவை எல்லார்க்கும் ஒரே அளவில் கிடைத்தன அல்ல. வீட்டில் அச்சிட்ட தாள் புழங்கிய குடும்பத்தில் பிறந்தவருக்குப் பத்து வயதில் வாய்க்கும் எழுத்துத்தெளிவு, முதல் தலைமுறையாகக் கல்லூரி புகுந்தவருக்கு இருபது வயதில் உழைத்துப் பெறவேண்டியதாகின்றது. இருவரின் கருத்துகளையும் எழுத்துத்தெளிவைக் கொண்டு எடைபோடுவது, கருத்தை விட்டுப் பிறப்பிடத்தை எடைபோடுவதற்கு நெருங்கிவிடுகின்றது.

ஈழத்து எழுத்துமரபு மற்றொரு சான்று. ஆங்கிலச் சொற்களில் வரும் பல்முகட்டு வல்லொலியைத் தமிழ்நாட்டார் டகரத்தால் எழுதுவர். ஈழத்தார் ரகர றகரங்களால் எழுதுவர். ‘டொராண்டோ’ என்பது அவர்க்கு ‘ரொறன்ரோ’. ‘ஒண்டாரியோ’ என்பது ‘ஒன்ராறியோ’. றகரம் இரட்டிக்குமிடத்து வல்லொலியாகவே நிற்பதைத் தம் பேச்சிற் பேணிவரும் மக்களுக்கு இம்முறை இயல்பானது. ஒலியியல் நோக்கில் காரணமுடையது. இதனை அறியாத தமிழ்நாட்டு வாசகர் ‘ரொறன்ரோ’ என்பதைக் கண்டு எழுத்தறிவின்மை எனக் கருதக்கூடும். அவ்வாறு கருதுதல் ஒரு மரபை மற்றொரு மரபின் பிழையாகக் காண்பதாகும். தமிழ் எழுத்துமரபு ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் வளர்ந்து வருவது என்பதை மறந்த இடத்திலேயே இத்தகைய தீர்ப்பு பிறக்கின்றது.

சுவடியும் கல்வெட்டும் தரும் பாடம்

பிழைபட்ட எழுத்தை நம்பிக்கைக்கு உரியதன்று எனத் தள்ளுவது நெறியாக இருந்திருக்குமாயின், தமிழ்ச் செவ்விலக்கியங்களுள் பெரும்பாலானவை இன்று நம் கையில் இரா. ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நின்றன. ரகரமும் ஆகாரக் குறியாகிய காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. இவற்றோடு, படியெடுத்தோரின் பிழைகளும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தன. ஆறுமுக நாவலரும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் எதிர்கொண்டவை இத்தகைய ஏடுகளே. 1887இல் சீவக சிந்தாமணியும் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் அச்சேறியமைக்குக் காரணம், பிழைபட்ட ஏடுகளையும் பதிப்பாசிரியர் பொறுமையுடன் ஒப்புநோக்கியமையே ஆகும்.

பாடத்திறனாய்வு இங்கு மேலும் ஒரு நுட்பத்தைக் கற்பிக்கின்றது. கற்றறிந்த ஒருவர் படியெடுத்த ஏடு எழுத்துப்பிழை குறைந்ததாக இருக்கலாம். ஆனால் பொருள் விளங்காத அரிய சொல்லைத் தாம் அறிந்த எளிய சொல்லாகத் ‘திருத்திவிடும்’ துணிவும் அவருக்கே உண்டு. பொருள் அறியாது, கண்டதைக் கண்டவாறு எழுதியவரின் ஏடு பிழை மலிந்ததாயினும், பழைய பாடத்தின் சுவடு அதில் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. பிழையின்மையும் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல என்பதைப் பதிப்புத்துறை தன் அன்றாடப் பணியிலேயே அறிந்து வைத்துள்ளது.

கல்வெட்டியலிலும் இந்நிலையே. கல்வெட்டுகளில் லகர ளகர ழகரங்கள் தம்முள் மாறி வருவதும், பேச்சு வடிவங்கள் அவ்வாறே பொறிக்கப்படுவதும் பொதுவழக்கு. அவற்றைக் கொண்டு கல்வெட்டின் செய்தியைப் பொய்யெனக் கூறுவார் இல்லை. மாறாக, அவ்வெழுத்து மாற்றங்களே அக்காலப் பேச்சொலியை அறிதற்குரிய சான்றுகளாக மதிக்கப்படுகின்றன. கல்தச்சரின் பிழைக்குக் காட்டப்படும் பொறுமை, உடன்வாழும் ஒருவரின் பிழைக்குக் காட்டப்படாமைக்குக் காரணம் காண்பது கடினம்.

இலக்கண மரபில் பிழையின் இடம்

தமிழ் இலக்கண மரபு பிழையைக் கண்டிப்பதில் தளர்ந்தது அன்று. ஆயினும் அது பிழையைத் தனித்துப் பெருக்கவும் இல்லை. நன்னூல் பாயிரம் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக வகுக்கின்றது. வேண்டியதைக் குறைத்துக் கூறுதல், வேண்டாததை மிகுத்துக் கூறுதல், முன்பின் முரணுதல், பொருள் மயங்க வைத்தல், தொடங்கிய பொருளை விட்டு வேறொன்றை விரித்தல், பயனின்றி நிற்றல் என அவற்றுள் பெரும்பாலானவை கருத்தமைப்பைப் பற்றியன. வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றே மொழிவடிவின் வழுவை நேராகச் சுட்டுவது. பிழைச்சொல்லைக் கண்டதும் ஏனைய ஒன்பதையும் நோக்காது நூலை மூடிவிடும் வாசகர், அம்மரபின் அளவுகோலில் பத்தில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துகின்றார். சான்று கேட்கப்பட்ட இடத்தில் எழுத்துப்பிழையைப் பேசுதல், அதே பட்டியலில் உள்ள மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்தின் பாற்படும் என்பதும் எண்ணத்தக்கது.

சொல்லிலக்கணம் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நின்றுவிடவில்லை. வழுவமைதி என்னும் மூன்றாவதையும் வகுத்தது. விதிக்கு மாறாயினும், காரணம் நோக்கி அமைத்துக்கொள்ளத்தக்கன உண்டு என்பது அதன் உட்கிடை. மரூஉ, இலக்கணப்போலி ஆகியனவும் இந்நோக்கில் எழுந்தவையே. இவை எழுத்துப்பிழைக்கு நேரடி உரிமம் வழங்குவன அல்ல. ஆனால் விலகலைக் கண்டவுடன் தண்டிக்காமல், அதன் காரணத்தை முதலில் வினவும் மனப்பாங்கு அம்மரபிற்கு உரியது என்பதை இவை காட்டுகின்றன.

பிழையே சான்றாகும் இடங்கள்

மேற்கூறியவற்றைக் கொண்டு எழுத்துப்பிழை எங்கும் பொருட்படுத்தத்தக்கதன்று எனக் கொள்ளுதல் கூடாது. பிழை கருத்தை நேராகத் தாக்கும் இடங்கள் உள்ளன.

முதலாவது, மொழியே ஆய்வுப்பொருளாகும் இடம். அறு என்னும் அடியிலிருந்து ‘அறம்’ பிறந்தது எனக் காட்ட முனையும் ஒருவர், அராவுதற்குரிய கருவியாகிய ‘அரம்’ என்பதையும் அதே இனத்தில் சேர்த்தால், அங்கு ரகர றகர மயக்கம் எழுத்துப்பிழை மட்டுமன்று; வாதத்தின் அடித்தளமே பிழைபட்டது. சொற்பிறப்பியலில் எழுத்தே சான்று.

இரண்டாவது, மேற்கோள். மூலநூலின் அடியை ஓரெழுத்து மாற்றித் தருபவர் அறியாமலே புதிய பாடவேறுபாடு ஒன்றைப் படைத்துவிடுகின்றார். பிறர் அவரை நம்பி எடுத்தாளும்போது அது பெருகுகின்றது. மூன்றாவது, இயற்பெயர், ஊர்ப்பெயர், நூற்பெயர் ஆகியவை. இவற்றின் பிழை தேடலைத் திசைதிருப்பும். நான்காவது, எழுதுபவரின் தொழிலே மொழித்திருத்தமாக இருக்கும் இடம். அகராதி தொகுப்பவர், பாடநூல் எழுதுபவர், மெய்ப்புத் திருத்துபவர் ஆகியோரின் எழுத்துப்பிழை அவர்தம் பணியின் தரத்தையே காட்டும். ஐந்தாவது, பிழை மலிந்து வாக்கியத்தின் பொருளே மீட்டெடுக்க இயலாதவாறு மறையும் இடம். அங்கு வாசகர் கருத்தைத் தள்ளவில்லை. கருத்து அவரை வந்தடையவே இல்லை.

இவ்வைந்திற்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. பிழையைத் திருத்தி எழுதினால் வாதம் மாறுகின்றதா என்று வினவுதல் வேண்டும். ‘முயற்ச்சி’ என்பதை ‘முயற்சி’ எனத் திருத்தியபின் கல்வெட்டுச் சான்று நான்கும் அவ்வாறே நிற்குமாயின், பிழை வாதத்திற்குப் புறம்பானது. ‘அரம்’ என்பதை உரிய எழுத்தோடு வைத்துப் பார்த்ததும் சொற்பிறப்புச் சங்கிலி அறுந்துவிடுமாயின், பிழை வாதத்தின் உள்ளே இருந்தது. இவ்வொரு வினாவைக் கேட்டுப் பழகினால் பெரும்பாலான பூசல்கள் தொடக்கத்திலேயே தீரும்.

கருவிகளும் கண்ணுக்குப் புலனாகாப் பிழையும்

தட்டச்சும் கணினியும் பிழையின் இயல்பையே மாற்றிவிட்டன. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், ஒரே வல்லின மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானே அமையும். இன எழுத்து இணைகளுக்கும் அவ்வாறே. எனவே ஒருவர் எழுத்தில் புள்ளி சரியாக அமைவது ஓரளவு அவர் தேர்ந்த விசைப்பலகையையும் பொறுத்தது. நாவி, வாணி, மென்தமிழ் முதலிய திருத்திகள் சந்திப்பிழையையும் சொற்பிழையையும் சுட்டித் தருகின்றன. ஆயினும் ‘மனம்’ வேண்டிய இடத்தில் ‘மணம்’ நின்றால், இரண்டும் அகராதிச் சொற்களே ஆதலின், கருவி அதனை எளிதில் கண்டறிவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ‘ஔவை’ என்னும் பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் ‘ஔ’ என ஒரே குறியாக உள்ளிடவேண்டும். அதனை ‘ஒ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டு எழுத்தாகத் தட்டினால், பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடலில் அப்பெயர் அகப்படாது. ‘கௌ’ முதலிய உயிர்மெய்களிலும் இந்நிலை உண்டு. கற்றவர் எழுத்திலும் இப்பிழை மலிந்துள்ளது. கண்ணிற்படும் ‘முயற்ச்சி’ எழுதியவரின் மதிப்பைக் குறைக்கின்றது. தரவகத்தையே சிதைக்கும் ‘ஒளவை’ எவர் மதிப்பையும் குறைப்பதில்லை. மதிப்பிழப்பு, பிழையின் தீமைக்கு ஏற்ப அமையவில்லை. அதன் தோற்றத்திற்கு ஏற்பவே அமைகின்றது என்பது இதனால் விளங்கும்.

மேலும், இன்று மொழிப்பொறிகள் பிழை குறைந்த தமிழை நொடியில் ஆக்கித் தருகின்றன. அவற்றின் உரைநடை ஒழுங்காக இருக்கும்போதே, இல்லாத நூலையும் நிகழாத நிகழ்வையும் அவை சான்றாகக் காட்டிவிடக்கூடும். பிழையற்ற எழுத்து, உழைப்பின் அடையாளமாகவும் வாசிப்பின் அடையாளமாகவும் இருந்த காலம் இவ்வாறு முடிவுக்கு வருகின்றது. புறத்தூய்மையைக் கொண்டு அகத்தை அளப்பவர் இனி இருவகையில் ஏமாறுவர்: பிழைபட எழுதிய உண்மையை இழப்பர், பிழையற எழுதிய பொய்யை ஏற்பர்.

மதிப்பீட்டாளர் கடமை

இச்சிக்கல் பொதுவெளி விவாதங்களோடு நின்றுவிடவில்லை. ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை ஆகியவற்றின் மதிப்பீட்டிலும் இதன் நிழல் உண்டு. மதிப்பீட்டு அறிக்கை முழுவதும் ஒற்றுப்பிழைப் பட்டியலாக அமைந்து, கருதுகோளைப் பற்றியோ தரவுத் தேர்வைப் பற்றியோ ஒரு வரியும் இல்லாதிருப்பின், ஆய்வாளர் பெறுவது மெய்ப்புத் திருத்தம், மதிப்பீடு அன்று. ஒற்றுப்பிழை அற்ற, ஆனால் புதிய செய்தி எதுவும் இல்லாத ஆய்வு எளிதில் கரையேறிவிடுவதும் இதன் மறுபக்கம். மொழிநடைக்கும் ஆய்வுப்பொருளுக்கும் தனித்தனியே குறிப்புரை எழுதுதல், மொழிப்பிழைக்காகத் திருத்தத்துடன் ஏற்றல் என்னும் வழியைப் பயன்படுத்துதல், வாய்மொழித் தேர்வில் பிழைப்பட்டியலை எழுத்தில் அளித்துவிட்டு நேரத்தை வாதத்திற்கு ஒதுக்குதல் ஆகியன செயற்படுத்தத்தக்க நடைமுறைகள்.

தமிழ்த்துறையே தளர்ந்தால் மொழியைக் காப்பவர் யார் என்னும் வினா இங்கு எழும். விடை எளிது. காத்தல், திருத்துதலால் நிகழ்வது, தள்ளுதலால் நிகழ்வதன்று. கருத்துக்கு விடை கூறியபின் பிழையைச் சுட்டினால் எழுதியவர் அதனைக் கற்றுக்கொள்வார். கருத்துக்கு விடையாகவே பிழையைச் சுட்டினால் அவர் கற்றுக்கொள்வது வேறொன்று: தமிழில் எழுதாதிருத்தல். மீன்பிடி வலைகளின் வகையும் பெயரும் அறிந்த கடலோடியும், நெல்வகைகளை இனங்காணும் உழவரும், பொறியியலோ மருத்துவமோ பயின்று அதனைத் தமிழில் சொல்ல விழையும் இளையோரும் பிழைக்கு அஞ்சி ஆங்கிலத்திற்கோ உரோமன் எழுத்துத் தமிழுக்கோ மௌனத்திற்கோ சென்றுவிடின், இழப்பு அவர்களுடையது மட்டுமன்று. துறைச்சொற்களும் களத்தரவுகளும் தமிழ் எழுத்தில் ஏறாமலே மறைந்துபோகும்.

முடிவுரை

எழுத்துப்பிழை நம்பகத்தன்மையைப் பாதிக்கின்றதா என்னும் வினாவிற்கு, நடைமுறையில் ஆம் என்பதே விடை. நெறியளவில், சில இடங்களில் மட்டுமே ஆம் என்பது விடை. பிழையின் காரணம் பலவகைத்து, வரம்பு மாறுந்தன்மையது, வட்டாரமும் நாடும் வேறு மரபுகளை வளர்த்துள்ளன. பிழைபட்ட ஏடுகளிலிருந்தே தமிழ் தன் செல்வத்தை மீட்டது. ஆகவே, திருத்தியபின் வாதம் மாறுமா என்னும் வினாவை முன்வைத்து, மாறாதெனின் பிழையைத் திருத்திக் கருத்தை ஆராய்தலும், மாறுமெனின் பிழையையே வாதத்தின் குறையாகக் காட்டுதலும் முறையாகும். எழுதுவோர்க்கும் இதில் கடமை உண்டு. ஒருமுறை திரும்பப் படித்தல், ஐயமுற்ற சொல்லை அகராதியில் காணுதல், மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடுதல் ஆகியன வாசகருக்கு அவர்கள் செலுத்தவேண்டிய கடன். அக்கடன் முழுமையாகச் செலுத்தப்படாத இடத்திலும், முன்வைக்கப்பட்ட சான்றைச் சரிபார்க்கும் பொறுப்பு வாசகரை விட்டு நீங்குவதில்லை.